"பால் இழுக்கலன்னு ராத்திரியே சொன்னேன்": தாயின் படிப்பும், பிறந்த ஊரும், பச்சிளம் குழந்தையும்

[எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தியிருக்கிறோம்.]

நான் உளுந்தூர்பேட்டையில இருந்து பேசறேன். சென்னையிலிருந்து திருச்சி போறவங்களுக்கு இந்த ஊர் ஒரு சுங்கச்சாவடி, நாலு ஓட்டல், சேலத்துக்குப் பிரியற ரோடு, அவ்வளவுதான். அந்த சேலம் ரோட்டைப் பிடிச்சு எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் வழியா கள்ளக்குறிச்சி போகணும். அங்கேர்ந்து கச்சிராயபாளையம். கோமுகி அணையைத் தாண்டினதும் ரோடு மேலே ஏற ஆரம்பிக்கும். அதுதான் கல்வராயன் மலை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரிச்சப்போ, நெடுஞ்சாலை ஓரத்து எங்க ஊரும் அந்த மலையும் சேர்ந்தே இந்தப் பக்கம் வந்தது.

நான் கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. ஊர்ல "நர்சம்மா"ன்னு சொல்வாங்க. சர்வீஸ்ல பெரும்பகுதி உளுந்தூர்பேட்டை பக்கத்து கிராமங்கள். நடுவில் சில வருஷம் மலை மேல.

தாயோட படிப்புக்கும், பிறந்த ஊருக்கும், பச்சிளம் குழந்தையோட உடம்புக்கும் என்ன சம்பந்தம்னு பேசச் சொன்னாங்க. ஒரு வரியில் சொல்லணும்னா, படித்த தாயோட பிள்ளை பிழைக்கிற வாய்ப்பு அதிகம். இது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. ஆனா இந்த உண்மையை நானே ஒரு தடவை தப்பாப் பயன்படுத்தியிருக்கேன். ஒரு படிவத்துல ஒரு வரி எழுதினேன். அந்த வரி இன்னைக்கும் உறுத்துது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு குழந்தை

முதல்ல உளுந்தூர்பேட்டையில நடந்தது. ஒரு பொண்ணு, பி.காம். முடிச்சவ. முதல் பிரசவம், குழந்தை 2 கிலோ 200 கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள், ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன். "சிஸ்டர், சாயங்காலத்துல இருந்து புள்ள பால் இழுக்க மாட்டேங்குது. தொட்டா சில்லுன்னு இருக்கு." பின்னாடி மாமியார் குரல் கேட்குது: "இதுக்கெல்லாமா நடுராத்திரியில போன் பண்ணுவாங்க? காலையில பாத்துக்கலாம்." அதுக்கு அந்தப் பொண்ணு, "இருங்க அத்தை, நான் பேசிக்கிட்டு இருக்கேன்"னு சொல்றா. 108-க்குச் சொல்லச் சொன்னேன். குழந்தையை வெறும் மார்போட சேர்த்து வச்சு, மேல துணியால மூடிக்கிட்டுப் போகச் சொன்னேன். ரத்தத்துல கிருமித் தொற்று. பத்து நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவுல வச்சிருந்தாங்க. இப்ப ஸ்கூலுக்குப் போகுது.

இன்னொண்ணு, நான் மலையில வேலை பார்த்தப்போ. அந்தப் பொண்ணு மலையில பிறந்தவ, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. கல்யாணம் ஆனதும் புருஷனோட கீழே இறங்கி கரும்பு வெட்டற வேலைக்குப் போயிட்டா. கர்ப்பத்தைக் கீழேதான் பதிவு பண்ணினாங்க. பிரசவமும் கீழேதான், ஆஸ்பத்திரியில. குழந்தை 2 கிலோ 100. மூணாம் நாள் டிஸ்சார்ஜ். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு போகணும் இல்லையா? நேரா மலைக்குப் போயிட்டா.

அவளோட தாய் சேய் நல அட்டையில் கீழே இருக்கிற முகவரி. அந்த ஊர் செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தப்போ கதவு பூட்டி இருந்தது. என்னோட பட்டியலில் அவ பேரே கிடையாது. இப்படி ஒரு குழந்தை என் எல்லைக்குள்ள வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் ராத்திரி குழந்தை பால் குடிக்கல. புருஷன் கீழே, கரும்புத் தோட்டத்துல. போன் சிக்னல் கிடையாது. மறுநாள் காலையில ஜீப் பிடிச்சு இறங்கியிருக்காங்க. அணைகிட்ட வரும்போதே குழந்தை இறந்துபோச்சு.

குழந்தை இறந்தா சிசு மரண விசாரணைன்னு ஒண்ணு உண்டு. வீட்டுக்குப் போய்க் கேட்டுப் படிவம் நிரப்பணும். தாயின் கல்வி: ஐந்தாம் வகுப்பு. தாமதத்துக்குக் காரணம்னு ஒரு இடம். அங்க நான் எழுதினது இதுதான்: "தாய்க்குப் போதிய விழிப்புணர்வு இல்லை."

எழுதி முடிச்சுட்டுக் கிளம்பறேன். அதுவரைக்கும் பேசாம உட்கார்ந்திருந்த பொண்ணு சொன்னா: "பால் இழுக்கல, ஒடம்பு சில்லுன்னு ஆவுதுன்னு நான் ராத்திரியே சொன்னேன் நர்சம்மா. மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னு அம்மா சொல்லிச்சு. விடியட்டும்னு அப்பா சொன்னாரு."

ரெண்டு பேரும் பார்த்தது ஒண்ணுதான். ரெண்டு பேர் வாயிலிருந்து வந்த வார்த்தைகூடக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பால் இழுக்கல, சில்லுன்னு இருக்கு. பெரியவங்க சொன்ன பதிலும் ஒண்ணுதான். விழிப்புணர்வு ரெண்டு பேருக்கும் இருந்தது. ஆனா நான் என்ன எழுதினேன்?

படிப்பு எங்கே வேலை செய்யுது?

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா பதில் தேடியிருக்காங்க. ஜான் கால்டுவெல் என்கிற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர், நைஜீரியாவில் இபாடான் பகுதியில் எடுத்த விவரங்களை வச்சு 1979-ல ஒரு கட்டுரை எழுதினார். அதுவரைக்கும் பொதுவா எல்லாரும் நினைச்சது, படிப்புங்கிறது வசதிக்கு ஒரு அடையாளம், வசதி இருந்தா பிள்ளை பிழைக்கும் என்பதுதான். கால்டுவெல் அப்படி இல்லைன்னார். வருமானம், கணவன் வேலை எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தாலும் தாயின் படிப்புக்குத் தனியா ஒரு பலன் இருக்குன்னு காட்டினார். அதுக்கு அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். பாடப் புத்தகத்துல படிச்ச சுகாதாரப் பாடம் மட்டும் காரணம் இல்ல. படித்த மருமகளுக்கு வீட்டுல பேச்சுரிமை கூடுது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு அவ சொன்னா அது எடுபடுது. ஆஸ்பத்திரியிலயும் தயங்காமப் பேசறா, மருந்து கேட்காட்டி திரும்பவும் வந்து நிக்கறா. பிறகு கர்நாடகக் கிராமங்களிலும் பி.எச். ரெட்டியோட சேர்ந்து இதையே பார்த்தாங்க.

உளுந்தூர்பேட்டைப் பொண்ணு "இருங்க அத்தை"ன்னு சொன்னா பாருங்க, அந்த ரெண்டு வார்த்தையைத்தான் கால்டுவெல் சொல்றார்.

இதுக்கப்புறம் பெரிய கணக்குகள் வந்தது. 2010-ல லான்செட் மருத்துவ இதழில் 175 நாடுகளின் விவரம் வெளியாச்சு. 1970-ல் இருந்து 2009 வரைக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சாவு வருஷத்துக்கு 82 லட்சம் குறைஞ்சிருந்தது. அதில் 42 லட்சம், அதாவது பாதிக்கு மேல், பெண்கள் படிச்சதால் குறைஞ்சதுன்னு கணக்கிட்டாங்க. 2021-ல அதே இதழில் இன்னொரு ஆய்வு. படிக்காத தாயோட ஒப்பிட்டா, 12 வருஷம் படித்த தாயின் பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் இறக்கிற ஆபத்து 31 சதவீதம் குறைவு. அப்பா 12 வருஷம் படிச்சிருந்தா சுமார் 17 சதவீதம் குறைவு. அப்பாக்களும் கேட்டுக்கணும் என்பதற்காக அதையும் சேர்த்துச் சொல்றேன்.

இதோட நிறுத்தினா சந்தோஷமா இருக்கும். ஆனா 1998-ல சோனால்டே தேசாய், சௌம்யா ஆல்வா ரெண்டு பேரும் 22 நாடுகளின் விவரத்தை எடுத்து ஒரு எச்சரிக்கை கொடுத்தாங்க. தாய் எந்த ஊர்ல இருக்கா, வீட்டுல குழாய்த் தண்ணீர், கழிப்பறை இருக்கா, கணவன் என்ன படிச்சிருக்கார், இதையெல்லாம் கணக்கில் எடுத்தா, பல நாடுகளில் தாயின் படிப்போட தனிப் பலன் ரொம்பச் சுருங்கிப் போகுது. காரணம் என்னன்னா, படித்த பெண்கள் ஏற்கெனவே ரோடும் ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர்ல இருக்காங்க. தடுப்பூசி விஷயத்துல மட்டும் படிப்போட பலன் ஓரளவு நின்னுது.

ரெண்டும் உண்மைதான். ஒரு பெண் எவ்வளவு படிச்சாள் என்பதே அவ எந்த ஊர்ல பிறந்தாள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கு. அதனால ஊரைப் பத்திப் பேசாம படிப்பைப் பத்திப் பேசக் கூடாது.

பிறந்த ஊர்

கல்வராயன் மலையில பெரும்பாலும் இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரைக் கேட்டதும் கேரளான்னு நினைச்சிடாதீங்க. மலையில வாழறவங்கன்னு அர்த்தம். பேசறது தமிழ்தான். இந்த மலை ரொம்ப காலம் ஜாகிர்தார்கள் கையில இருந்தது. 1976-லதான் ஜாகிர் முறை முடிஞ்சு அரசு நிர்வாகத்துக்குள்ள முழுசா வந்தது. நான் சொன்ன அந்தப் பொண்ணோட அம்மா பிறந்தப்போ மலையில ஜாகிர் நடந்துக்கிட்டு இருந்திருக்கும். கீழே எங்க ஊர்ப் பக்கம் காமராஜர் காலத்துலயே பள்ளிக்கூடமும் மதிய உணவும் வந்தாச்சு. இந்த இடைவெளி அவங்க பண்ணின தப்பு இல்ல.

இப்ப உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு, வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகுது. ஆனா ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற கிராமங்களுக்கு இன்னும் கஷ்டம்தான். 2024-ல கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பத்தி வழக்கு எடுத்தது.

கீழே இருக்கிறவங்ககிட்ட ஒரு பேச்சு உண்டு. எங்க துறையிலயும் கேட்டிருக்கேன். "மலைக்காரங்களுக்குப் பிள்ளை சின்னதாத்தான் பிறக்கும், அது அவங்க வாகு." 2 கிலோ 100-ன்னா, "பரவாயில்ல, மலைக்குழந்தைதானே"ன்னு விட்டுடுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தா எடை குறைவு. மலைக்குன்னு தனி அளவு எதுவும் கிடையாது.

இந்த "வாகு" பேச்சுக்கு ஒரு நல்ல பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கறுப்பினக் குழந்தைகள் எடை குறைவாப் பிறக்கறது பழைய பிரச்சினை. அது அவங்க உடல்வாகுன்னு சிலர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் ரெண்டு டாக்டர்களும் 1997-ல இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளைத் தாயோட பிறந்த நாட்டின்படி பிரிச்சுப் பார்த்தாங்க. அமெரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரத் தாயின் குழந்தை சராசரி 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே குடியேறின கறுப்பினத் தாயின் குழந்தை 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாயின் குழந்தை 3,089 கிராம். உடல்வாகுதான் காரணம்னா, ஆப்பிரிக்காவில் பிறந்த தாயின் குழந்தையும் சின்னதாத்தானே இருக்கணும்? அப்படி இல்ல. வெள்ளைக்காரக் குழந்தை பக்கத்துல போய் நிக்குது.

ஆக, குழந்தையோட எடையில் தெரியறது தாய் எந்தச் சாதி, எந்த இனம் என்பது இல்ல. அவ சின்ன வயசிலிருந்து எங்கே, எப்படி வாழ்ந்தா என்பதுதான். என்ன சாப்பிட்டா, எத்தனை வயசுல கல்யாணம், ரத்தம் எவ்வளவு, கர்ப்பத்துல எத்தனை மாசம் வரைக்கும் பாரம் தூக்கினா. ரத்தசோகை மலையில மட்டும் இருக்குன்னும் நினைக்காதீங்க. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கு.

ஆஸ்பத்திரியில பிறந்தா போதுமா?

பிறந்த ஊர்னு சொன்னா இன்னொரு அர்த்தமும் உண்டு. குழந்தை எங்கே பிறந்தது? வீட்டிலயா, ஆஸ்பத்திரியிலயா?

இதுல தமிழ்நாடு பெருமைப்படலாம். 2019-21 கணக்குப்படி நம்ம மாநிலத்துல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில. நாடு முழுக்க 88.6. ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தது, 2008-ல 108 வந்தது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி, மலைப்பகுதியில தேதி நெருங்கின கர்ப்பிணி முன்கூட்டியே வந்து தங்கிக்கிற பிரசவக் காத்திருப்பு அறை, இது எல்லாம் சேர்ந்து செஞ்சது. 2022-ல கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. 2020-ம் வருஷ எஸ்.ஆர்.எஸ். கணக்குல, நாட்டுல ஆயிரம் குழந்தை பிறந்தா 28 குழந்தை ஒரு வயசுக்குள்ள இறந்தது. தமிழ்நாட்டுல 13.

இப்ப அந்த 13-ஐப் பிரிச்சுப் பாருங்க. அதில் 9 குழந்தை முதல் 28 நாளுக்குள்ள இறந்தது. மிச்சமிருக்கிற சாவில் பெரும்பங்கு இந்த நாலு வாரத்துக்குள்ளதான். நல்லபடியா இருந்தா தாயும் சேயும் ஆஸ்பத்திரியில இருக்கறது ரெண்டு மூணு நாள். சிசேரியன்னா ஒரு வாரம். மீதி மூணு வாரம் வீட்டுலதான். 99.6 சதவீதம் என்கிற எண் அந்த மூணு வாரத்தைப் பத்தி எதுவும் சொல்லாது.

ஆஸ்பத்திரிக்குள்ளயும் இடைவெளி இருக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கொடுக்கணும். அதே ஆய்வுல தமிழ்நாட்டுல அப்படிக் கிடைச்ச குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 60 பேர்தான். கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரிப் பிரசவம், ஆனா நூற்றுக்கு நாற்பது குழந்தைக்கு முதல் மணியில பால் இல்ல. சிசேரியன் 44.9 சதவீதம் என்பதும் இதுக்கு ஒரு காரணம். "மயக்கம் தெளியட்டும்"னு தள்ளிப்போடுவாங்க. அதுக்குள்ள யாராவது சேனை வைப்பாங்க, சர்க்கரைத் தண்ணியோ தேனோ. படித்த வீட்டுலயும் நடக்குது. நான் எத்தனையோ பார்த்திருக்கேன்.

அப்புறம் இந்தத் தாய்வீட்டுப் பயணம். நம்ம ஊர்ல முதல் பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வீடு போவா. அவ பிறந்த ஊர்தான் அவ குழந்தையோட முதல் ஊர். கீழே பிறந்த பொண்ணுக்கு அது இன்னொரு கீழூர். பஸ் இருக்கும், சிக்னல் இருக்கும். மலையில பிறந்த பொண்ணுக்கு, ஆபத்தான அந்த நாலு வாரம் மலை மேல. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. 2 கிலோ குழந்தைக்கு அந்தக் குளிர் சாதாரணம் இல்ல.

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி நம்பர் உண்டு. 2008-ல தொடங்கின ஏற்பாடு. அது நல்ல ஏற்பாடு, குறை சொல்லல. ஆனா நம்பர் எந்த ஊர்ல பதிவாச்சோ அந்த ஊர் செவிலியர்தான் தேடுவாங்க. தாயும் குழந்தையும் இடம் மாறினா, இந்த ஊர் நர்சுக்கும் அந்த ஊர் நர்சுக்கும் நடுவில ஒரு போன் தேவை. என் விஷயத்துல அந்த ஒரு போன் நடக்கல. அவங்களைக் குறை சொல்லல. நானும் கீழே இருந்தப்போ பூட்டின வீட்டைப் பார்த்துட்டு, "தாய்வீடு சென்றுள்ளார்"னு எழுதிட்டுத் திரும்பி வந்தவதான்.

படிப்பு வர வரைக்கும்

பெண்களைப் படிக்க வைக்கணும், அதுல சந்தேகமே இல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல வந்த திருமண உதவித் திட்டம், பொண்ணு இத்தனாம் வகுப்பு படிச்சிருந்தால்தான் பணம்னு நிபந்தனை போட்டது. அதனாலயே எங்க பக்கத்துல எத்தனையோ வீடுகள்ல பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விட்டு வச்சாங்க. 2022-ல அதுவே புதுமைப்பெண் திட்டமா மாறி, அரசுப் பள்ளியில படிச்சிட்டுக் காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் ஆச்சு. இதோட பலன் அவங்க பெத்துக்கப்போற பிள்ளைகள்கிட்ட தெரியும்.

ஆனா இன்னைக்கு ராத்திரி மலையில ஒரு குழந்தை பால் குடிக்கலன்னா, அதோட அம்மாவை இனிமே பன்னிரண்டாவது படிக்க வைக்க முடியாது. அவளுக்கு என்ன ஏற்பாடு?

ரெண்டு இடத்துல வழி காட்டியிருக்காங்க. ஒண்ணு மகாராஷ்டிரா, கட்சிரோலி. அதுவும் பழங்குடி மாவட்டம். அபய் பங், ராணி பங் டாக்டர் தம்பதி, 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க. அஞ்சாவதுல இருந்து பத்தாவது வரை படிச்சவங்க, அவ்வளவுதான். எடை பார்க்க, மூச்சு எண்ண, தொற்றைக் கண்டுபிடிச்சு மருந்து கொடுக்கப் பழக்கினாங்க. அவங்க வீடு வீடாப் போய்ப் பார்த்தாங்க. மூணாவது வருஷத்துல பச்சிளம் குழந்தைச் சாவு, ஒப்பிட்டுப் பார்த்த கிராமங்களைவிட ஏறக்குறைய 60 சதவீதம் குறைஞ்சது. 1999-ல லான்செட்ல வந்தது. அங்கே எந்தத் தாய்க்கும் புதுசா படிப்பு வரல. வீட்டுக்கு ஆள் வந்தாங்க. இன்னைக்கு நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-வது நாள் வீட்டுக்குப் போகணும்னு இருக்கிற திட்டம் அங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுல ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகள்ல இருக்காங்க. கல்வராயன் மலைக்கு இது முக்கியம்.

இன்னொண்ணு ஜார்க்கண்ட், ஒடிசா. எக்ஜுட் என்கிற அமைப்பு ஆதிவாசிக் கிராமங்கள்ல மாசம் ஒரு தடவை பெண்களை உட்கார வச்சுப் பேச வச்சாங்க. டாக்டர் சொற்பொழிவு எதுவும் இல்ல. படம், கதை, விளையாட்டு. நம்ம ஊர்ல குழந்தை ஏன் இறந்தது, அடுத்த தடவை ஜீப்புக்கு யார் பணம் தரது, ராத்திரின்னா யார் கூடப் போறது? மூணு வருஷத்துல பச்சிளம் குழந்தைச் சாவு 32 சதவீதம் குறைவு. 2010-ல வெளியான ஆய்வு. பெரும்பாலானவங்க எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்.

இதுல எனக்குப் பிடிச்சது, அந்தக் கூட்டத்துக்கு மாமியார்களும் வரலாம் என்பது. பத்துப் பேர் முன்னாடி "பால் குடிக்கலன்னா விடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது"ன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டா, அப்புறம் ராத்திரியில மருமக சொல்லும்போது அது அவ தனி வார்த்தையா இருக்காது. படிப்பு கொடுக்கிற பேச்சுரிமையை அங்கே ஊர் கொடுத்தது.

கேட்கறவங்களுக்கு

இதைக் கேட்கற வீட்டுல பச்சிளம் குழந்தை இருந்தா, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பால் குடிக்கல, இல்ல குடிக்கறது சட்டுன்னு குறைஞ்சுபோச்சு. உடம்பு சில்லுன்னு இருக்கு, இல்ல கொதிக்குது. மூச்சு நிமிஷத்துக்கு 60-க்கு மேல, இல்ல மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குது. வலிப்பு. தொட்டாத்தான் அசையுது, தானா அசையல. உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். இதுல ஒண்ணு இருந்தாலும் விடியற வரைக்கும் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. போற வழியெல்லாம் குழந்தை தாயோட நெஞ்சுல தோலோட தோலா இருக்கட்டும். கங்காரு பராமரிப்புன்னு சொல்றது அதுதான். எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்த உடனேயே அதை ஆரம்பிச்சா சாவு கால் பங்கு குறையுதுன்னு உலக சுகாதார நிறுவனம் நடத்தின ஆய்வு 2021-ல காட்டியிருக்கு. இந்தியாவும் அதுல இருந்தது. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாதீங்க. சேனை, கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும்.

தாய்வீடு போகும்போது, உங்க நர்ஸ்கிட்ட "நான் இந்த ஊருக்குப் போறேன், அங்கே யாரைப் பார்க்கணும்?"னு கேளுங்க. கேட்கத் தயங்கற பொண்ணுக்காக அத்தையோ மாமியாரோ கேளுங்க. என்னோட வேலையில இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்றேன்: பூட்டின வீட்டைப் பார்த்தா அட்டையை மூடிடாதீங்க. எந்த ஊர்னு விசாரிச்சு, அந்த ஊர் நர்சுக்கு ஒரு போன் போடுங்க.

அப்புறம் அந்தப் படிவம். "தாய்க்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதறது ரொம்ப சுலபம். எழுதினா மேல யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ரோட்டைப் பத்தி, சிக்னலைப் பத்தி, பட்டியலைப் பத்தி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பொண்ணு பேசினதுக்கு அப்புறம் நான் படிவத்தைத் திருப்பி எடுத்து அடிச்சு எழுதியிருக்கணும். எழுதல. பேப்பர் மேல போயிடுச்சு. இப்ப எழுதச் சொன்னா இப்படி எழுதுவேன்: "குழந்தை பால் குடிக்கவில்லை என்று தாய் இரவே சொன்னார். அவரைக் கேட்க ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. குழந்தையின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை."

அதுக்கப்புறம் அவளுக்கு ரெண்டு குழந்தை. ரெண்டு தடவையும், மலைக்கு வந்த அன்னைக்கே என்னை வந்து பார்த்தா. "பேரை எழுதிக்கங்க நர்சம்மா"ன்னு சொன்னா. அஞ்சாம் வகுப்புதான். ரெண்டும் நல்லா இருக்கு.